ஊழும் உத்தரவும்

தொலைவிலுள்ள ஒரு நகரத்தில், முகம் தெரியாத சிலர் எடுத்த முடிவால் ஒருவருக்குத் துன்பம் நேரும்போது அதற்கு யார் பொறுப்பு என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. மழை பொய்த்தால் மனிதர் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பை வெட்டினால் குற்றம் யாருடையது என்பதில் ஐயமில்லை. டெல்லியிலோ சென்னையிலோ கையெழுத்தான ஓர் உத்தரவு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. செய்தவர்கள் மனிதர்கள்தாம், ஆனால் அது ஊருக்குள் வந்து சேரும்போது வறட்சியைப் போலவே வந்து சேர்கிறது. கேட்டுச் சொல்ல ஆள் இல்லை, மறுத்துப் பேச இடம் இல்லை, எப்போது விலகும் என்ற கணக்கும் இல்லை.

தமிழ்ப் பேச்சு வழக்கிலேயே இந்தக் குழப்பம் படிந்து கிடக்கிறது. கடவுள் ‘மேலே இருக்கிறவன்’. கட்சித் தலைமை ‘மேலிடம்’. அலுவலகத்தில் காரணம் கேட்டால் ‘மேலே இருந்து உத்தரவு’. கொங்கு நாட்டில் வங்கி வாசலிலும் ரேஷன் கடை வரிசையிலும் ‘நம்ம கையில என்னங்க இருக்குது’ என்று ஒருவர் சொன்னால், அது இறைவனிடம் சரணடைந்தவரின் சொல்லா, அரசிடம் தோற்றவரின் சொல்லா என்று பிரித்தறிவது எளிதல்ல. தலையெழுத்து என்கிறோம். எழுதியவர் பிரமனா, ஏதோ ஒரு துறையின் செயலரா என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைப் பெரிய தலைநகரங்களில் இருந்துகொண்டு ஆராய்வதைவிட மதுக்கரை போன்ற ஓர் ஊரில் வைத்து ஆராய்வது பொருத்தம். கோவைக்குத் தென்மேற்கே, பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில், மலையடிவாரத்தில் இருக்கிறது மதுக்கரை. அங்குள்ள சுண்ணாம்புக்கல்லை நம்பி 1934-இல் சிமென்ட் ஆலை எழுந்தது. 1936-இல் இந்தியாவின் பல சிமென்ட் நிறுவனங்கள் ஒன்றாகி ஏசிசி உருவானபோது மதுக்கரை ஆலையின் தலைமையிடம் பம்பாய் ஆயிற்று. சிமென்ட்டை என்ன விலைக்கு யாருக்கு விற்பது என்பதை நெடுங்காலம் டெல்லி தீர்மானித்தது. அந்தக் கட்டுப்பாடு 1982-இல் பாதி தளர்ந்து, 1989-இல் முழுவதும் நீங்கியது. பின்னர் 2005-இல் சுவிட்சர்லாந்தின் ஹோல்சிம் நிறுவனம் உள்ளே வந்தது. 2022-இல் அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அதானி குழுமத்தின் கைக்கு ஆலை மாறியது. கல்லும் அதை வெட்டும் தொழிலாளியும் அதே இடத்தில் இருந்தார்கள். அவர்களுடைய வாழ்வைத் தீர்மானிக்கும் மேசை மட்டும் ஊர் ஊராக நகர்ந்தது.

ஊரின் மற்றக் கடிவாளங்களும் இப்படியே. மதுக்கரை ரயில் நிலையம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நிர்வாகம் கேரளத்திலுள்ள பாலக்காடு கோட்டத்துக்கு உரியது. நகரம் என்றால் மக்கள் போவது கோவைக்கு. அவர்கள் வாக்களிப்பது கிணத்துக்கடவு சட்டமன்றத் தொகுதியில், அதன் வழியாகப் பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியில். பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-இல் நகராட்சியானது. மரப்பாலம் ரயில் பாலத்தின் குறுகிய வழியில் வண்டிகள் நெடுநேரம் சிக்கி நிற்பதைப் பல ஆண்டுகளாகக் கண்ட மக்களுக்கு, தண்டவாளம் ஒரு துறைக்கும் சாலை வேறொரு துறைக்கும் உரியது என்பது புத்தக அறிவு அல்ல, அன்றாட அனுபவம்.

இத்தகைய ஊரில் வரும் துன்பத்தை எப்படிப் புரிந்துகொள்வது? தமிழ் மரபு இதற்கு ஒரே விடையைத் தரவில்லை. ஒன்றோடொன்று மோதும் விடைகளைத் தந்திருக்கிறது. அந்த மோதலில்தான் அதன் ஆழம் இருக்கிறது.

புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார், ஒருவருக்கு வரும் நன்மைக்கும் தீமைக்கும் பிறர் காரணமில்லை என்ற கருத்தை முன்வைக்கிறார். ஆற்றோடு போகும் தெப்பத்தைப் போல உயிர் தன் முறைவழிப் போகிறது என்பது அவர் கண்ட காட்சி. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் தலைநகரின் மீது பழி சொல்ல வழியே இல்லை. ஆனால் அந்தப் பாட்டு முடியும் இடம் கவனிக்கத்தக்கது. பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்ற நிலைக்கு அது வந்து சேர்கிறது. ஊழை ஏற்றுக்கொண்ட ஒருவர் அதிகாரத்தின் முன் தலைகுனிவதற்குப் பதிலாக அதை வியக்க மறுக்கிறார். இந்தப் பாட்டைப் பணிவுக்கான பாடமாகச் சொல்லிக்கொடுப்போர் இந்த முடிவைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

திருக்குறளின் அதிகார வரிசையும் சிந்திக்கத்தக்கது. அறத்துப்பால் 38-ஆவது அதிகாரமான ஊழோடு முடிகிறது. அடுத்ததே பொருட்பாலின் முதல் அதிகாரம், 39-ஆவது, இறைமாட்சி. ஊழைப் பற்றிப் பேசி முடித்த கையோடு அரசனின் தகுதி பற்றிய பேச்சு தொடங்குகிறது. மனிதனை மீறிய ஆற்றலுக்கு அடுத்தபடி மனிதனை ஆட்டிவைக்கும் ஆற்றல் ஆட்சி என்பதால் இந்த வரிசை அமைந்தது என்று கொள்வதில் தவறில்லை. பொருட்பாலுக்குள் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று தனித்தனி அதிகாரங்கள் வருகின்றன. ஆள்வினையுடைமையில், தளராமல் முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்ற துணிவான கருத்தும் வருகிறது. வள்ளுவருக்கு ஊழ் உண்டு. ஆனால் ஆட்சியின் தவற்றை அவர் ஊழின் கணக்கில் எழுதவில்லை. அரசன் முறை தவறினால் வானமும் பெய்யாது என்று சொல்லும்போது அவர் எதிர்த்திசையில் போகிறார்: இயற்கையின் பிழை போலத் தோன்றுவதைக்கூட அரசனின் கணக்கில் எழுதுகிறார்.

சிலப்பதிகாரம் இந்த மோதலை மறைக்காமல் பதிகத்திலேயே எடுத்துவைக்கிறது. அரசியலில் பிழை செய்தவர்க்கு அறமே கூற்றாகும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று; முன்வினை தவறாமல் வந்து தன் பயனைத் தரும் என்பது இன்னொன்று. புகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கோவலன் என்ற வணிகன் மதுரையில், விசாரணையே இல்லாமல் கொல்லப்படுகிறான். பின்னால் மதுராபதித் தெய்வம் அவன் மனைவி கண்ணகியிடம் முற்பிறவிக் கதையைச் சொல்கிறது: கோவலன் கலிங்க நாட்டில் சங்கமன் என்ற வணிகனைச் சாகக் காரணமாயிருந்தான், அதன் பயன் இது. ஆனால் இளங்கோ இந்த விளக்கத்தை எப்போது வைக்கிறார் என்பதே முக்கியம். பாண்டியன் தன் பிழையை ஏற்று உயிர்விட்ட பிறகுதான் தெய்வம் வாய் திறக்கிறது. அரசனுக்கு ஊழைக் காரணம் காட்டும் வாய்ப்பை இளங்கோ தரவேயில்லை. பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதலாக ஊழைச் சொல்லலாம். செய்தவர் அதைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. இந்தப் பொருள் பற்றித் தமிழில் சொல்லப்பட்டவற்றுள் இதைவிடத் தெளிவான நிலைப்பாடு அரிது.

அதே காப்பியத்தில் நெஞ்சைப் பிசையும் இன்னொரு செய்தியும் உண்டு. மதுரை எரிந்தபின் மழையின்றி வாடிய பாண்டிய நாட்டில், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். பிறகு மழை பெய்தது. பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். ஆராயாமல் தீர்ப்புச் சொன்னவன் ஓர் அரசன். உயிர் கொடுத்தவர்கள், அந்த வழக்கின் பெயரையே கேள்விப்பட்டிராத ஆயிரம் பேர். தலைநகரில் நடந்த பிழைக்கு வெளியூர்க்காரர்கள் விலை கொடுத்தார்கள்.

பக்தி மரபின் விடை வேறு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ அரசனின் ஆட்கள் அழைத்துப்போக வந்தபோது திருநாவுக்கரசர் அந்த அழைப்பை மறுத்தார். தம் தலைவன் சிவன் ஒருவனே, வேறு யாருக்கும் தாம் குடியில்லை என்பது அவர் நிலை. அரசனின் ஆணை உடலைத் தொடலாம், உயிரைத் தொடாது. இது துறவியின் விடை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. உண்மையில் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்ற எண்ணத்தை எளிய மக்களிடம் விதைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆயினும் கூலியும் விலைவாசியும் வரியும் உடலைத் தொடும் காரியங்கள். அங்கே இந்த விடை மட்டும் போதாது.

போதாது என்பதற்குக் கொங்கு நாட்டின் நினைவில் ஆழப் பதிந்த சான்று தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் மிகவும் அடிபட்ட மாவட்டங்களுள் கோயம்புத்தூரும் ஒன்று. 1871 கணக்கெடுப்பைவிட 1881-இல் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. மழை பொய்த்தது இயற்கை. ஆனால் அடுத்து நடந்தவை முடிவுகள். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பெரும் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தார். அதே மாதம், செலவைக் குறைக்கும் கட்டளையோடு ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். நிவாரணப் பணியில் கல்லுடைப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று அவர் வகுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், இந்த அளவு உழைக்கும் உடலுக்குப் போதாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களுக்குப் பிறகு கூலி கூட்டப்பட்டது. அதற்குள் முகாம்களில் இறந்தவர்கள் இறந்துவிட்டார்கள்.

மக்கள் அந்தப் பஞ்சத்துக்கு வைத்த பெயரில் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது. அது லிட்டன் பஞ்சம் என்றோ டெம்பிள் பஞ்சம் என்றோ நினைக்கப்படவில்லை. அறுபது ஆண்டுகளின் சுழற்சியில் வரும் தாது என்ற ஆண்டின் பெயரே நிலைத்தது. சுழன்று வரும் காலத்தின் பெயரைச் சூட்டிவிட்டால் துன்பம் ஊழாகிவிடுகிறது. கல்கத்தாவிலும் லண்டனிலும் இருந்த பெயர்கள் மறைந்துவிடுகின்றன. உத்தரவு ஊழாக உருமாறும் விதம் இதுதான்: தொலைவு கூடக் கூடச் செய்தவரின் முகம் தேய்கிறது, முகம் தேய்ந்ததும் செயல் நிகழ்ச்சியாகிறது. அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட பஞ்சம் பற்றிய ஆய்வு இந்தத் திரையை விலக்கியது. உணவு இல்லாமல் போவதைவிட, உணவைப் பெறும் வழி மக்களிடம் இல்லாமல் போவதே பஞ்சத்தின் அடிப்படை என்று அவர் காட்டினார். மக்களாட்சியும் தடையற்ற செய்தித்தாள்களும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்பதும் அவர் வாதம். துன்பத்துக்கு உள்ளானவரின் குரல் தலைநகரை எட்டுகிறதா என்பதே உயிருக்கும் சாவுக்கும் நடுவிலான வேறுபாடு என்பது இதன் பொருள்.

1956 நவம்பர் 1-ஐயும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். அதுவரை கோயம்புத்தூர் மாவட்டமும் பாலக்காடு அடங்கிய மலபார் மாவட்டமும் சென்னையிலிருந்தே ஆளப்பட்டன. மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது மலபார் கேரளத்துக்குப் போனது; மதுக்கரைக்கு அடுத்துள்ள வாளையாறு மாநில எல்லையாயிற்று. கணவாயின் இரு பக்கமும் பெண் கொடுத்து எடுத்து, சந்தைக்குப் போய்வந்து, தமிழும் மலையாளமும் கலந்து பேசிய மக்களுக்கு நடுவே ஒரு கோடு விழுந்தது. மொழிவழி மாநிலம் நியாயமான கோரிக்கை. அதற்காகப் போராடியவர்கள் மக்களே. ஆயினும் நியாயமான முடிவுக்கும் விலை உண்டு, அந்த விலையைக் கோட்டின் மீது குடியிருப்பவர்களே தருகிறார்கள். 2020-இல் கொரோனா பொதுமுடக்கத்தின்போது வாளையாற்றில் அனுமதிச் சீட்டில்லாமல் நின்றவர்களுக்கு அந்தக் கோடு எவ்வளவு தடிமனானது என்று புரிந்தது. மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவில் நாடு முழுவதையும் மூடியது டெல்லி. நான்கு மணி நேரம் எல்லோருக்கும் பொதுவாகவே தரப்பட்டது. சொந்த வீட்டில் இருந்தவருக்கும், கோவையின் பட்டறையில் ஒண்டியிருந்த பீகார் தொழிலாளிக்கும், எல்லைக்கு அப்பால் பிள்ளைகளை விட்டுவந்த கூலிக்காரப் பெண்ணுக்கும் அதே நான்கு மணி நேரம். சமமாக விதிக்கப்படுவது சமமாகச் சுமக்கப்படுவதில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு முதலாவது தெரிகிறது, இரண்டாவது தெரிவதில்லை.

கொங்கு நாடு எப்போதும் ‘நம்ம கையில என்னங்க இருக்குது’ என்று இருந்துவிடவில்லை. 1970-இல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 காசிலிருந்து 10 காசாக உயர்ந்தது. சென்னையில் கணக்குப் பார்த்தவர்களுக்கு அது இரண்டு காசு. ஆழமான கிணற்றிலிருந்து மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்துப் பயிர் செய்யும் வறண்ட பூமியில், அது விளைச்சலுக்கும் கடனுக்கும் நடுவிலான கோடு. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். உயர்த்திய இரண்டு காசில் ஒரு காசு குறைக்கப்பட்டது. மீண்டும் கட்டணம் உயர்ந்தபோது, 1972-இல், மாட்டுவண்டிகளை ஓட்டிவந்து கோவை நகரத் தெருக்களை நிறைத்தார்கள்.

தத்துவ நோக்கில் இந்தப் போராட்டத்தின் சிறப்பு அது வென்ற காசில் இல்லை. மழை பெய்யாததையும் மின்கட்டணம் ஏறியதையும் ஒரே தட்டில் வைக்க அந்த விவசாயிகள் மறுத்தார்கள். வானத்தை நோக்கிக் கும்பிட்டார்கள், கோட்டையை நோக்கிக் கேள்வி கேட்டார்கள். எது ஊழ், எது உத்தரவு என்று பிரித்துக் காட்டும் வேலையை அவர்களுடைய வண்டிகள் செய்தன. அதற்கு மூன்று உயிர்களை விலையாகக் கேட்ட அமைப்பு குற்றமுள்ளது என்பதில் தயக்கம் தேவையில்லை.

இன்றைய சிக்கல் அதைவிடக் கடினமானது, ஏனென்றால் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதே மங்கிவிட்டது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது வாளையாற்றின் வணிகவரிச் சோதனை நின்றது. லாரி ஓட்டுநர்கள் சாலையோரத்தில் காத்துக் கிடந்த ஒரு காரணம் போனது. தலைநகரின் முடிவால் நன்மையும் வரும் என்பதற்கு இது நேர்மையான சான்று. அதே சட்டத்தின் கீழ், புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட்கிரைண்டருக்கான வரி 2022 ஜூலையில் 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாயிற்று. மாவரைக்கும் கல் ஆடம்பரப் பொருளா என்று சிறு பட்டறைக்காரர்கள் கேட்டார்கள். சிமென்ட் ஆலையின் புகைபோக்கி தெரியும் தூரத்தில் வீடு கட்டுகிறவரும் மூட்டைக்கு 28 சதவீத வரி கொடுத்தே வாங்கினார். 2025 செப்டம்பர் 22-இல் அது 18 ஆகும் வரை எட்டு ஆண்டுகள் அந்த நிலை நீடித்தது.

இந்த வரிகளை முடிவு செய்தது யார்? ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். சென்னையைக் கேட்டால் டெல்லியைக் காட்டும். டெல்லியைக் கேட்டால் மாநிலங்களும் சேர்ந்துதான் முடிவெடுத்தன என்னும். இரண்டும் பொய்யல்ல. பாண்டியனின் அவையில் பிழை ஓர் அரசன் மீது வந்து நின்றது. அவன் அதைத் தாங்க முடியாமல் வீழ்ந்தான். பல கைகள் சேர்ந்து எழுதும் முடிவில் பழி பங்கிடப்பட்டு, எந்தத் தோளிலும் கனக்காத அளவுக்கு மெலிந்துவிடுகிறது. கூட்டு முடிவு நல்லது. அதில் பொறுப்பும் கூட்டாக இருக்க வேண்டும். இன்று பொறுப்பு ஆவியாகிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஊழ் காத்திருக்கிறது.

நேருக்கு நேர் கேட்டாலும் தூரம் குறைவதில்லை. 2024 செப்டம்பரில் ஒன்றிய நிதியமைச்சர் கலந்துகொண்ட கோவைக் கூட்டத்தில் ஓர் உணவக உரிமையாளர், பன்னுக்கு வரியில்லை, அதனுள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார் என்று கொங்குத் தமிழில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அவையே சிரித்தது. அடுத்து அவர் அமைச்சரைத் தனியே சந்தித்து மன்னிப்புக் கேட்டதும், அந்தக் காட்சி வெளியானதும், அதற்காக அமைச்சருடைய கட்சியின் மாநிலத் தலைவர் வருத்தம் தெரிவித்ததும் நாடறிந்தவை. வரி விகிதத்தைவிடப் பெரிய கேள்வியை இது எழுப்பியது. கேள்வி கேட்டவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்த இடத்தில், ஆட்சியாளன் எளிதில் காணத்தக்கவனாகவும் கடுஞ்சொல் அற்றவனாகவும் இருக்க வேண்டும் என்று இறைமாட்சி விதித்த தகுதி தவறிப்போனது.

பழியெல்லாம் வெளியூருக்கே என்று முடித்துவிடவும் முடியாது. தலைநகர் என்பது ஒப்பிட்டுச் சொல்லும் சொல். டெல்லிக்குக் கோவை வெளியூர். கோவைக்கு வெள்ளலூர் வெளியூர். மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு மதுக்கரை வட்டத்தைச் சேர்ந்த வெள்ளலூரில் இருக்கிறது. நகரத்தின் சமையலறைக் கழிவு அங்கே மலையாகக் குவிய, அதன் புகையையும் ஈயையும் சகித்தவர்கள் சுற்றுப்புற மக்கள். கோவை பெருமையோடு குடிக்கும் சிறுவாணித் தண்ணீர், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள அணையிலிருந்து 1973-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வருகிறது. நீர்மட்டம் குறைக்கப்படும்போதெல்லாம் கோவை மக்கள் திருவனந்தபுரத்தின் தயவை எதிர்நோக்குகிறார்கள். அந்த அணையை அடுத்த அட்டப்பாடியின் பழங்குடி மக்கள் யாருடைய தயவை எதிர்நோக்குகிறார்கள் என்று கோவையில் கேட்பவர் குறைவு. மேலே ஒருவர் இருக்கிறார் என்று முறையிடுபவருக்குக் கீழேயும் ஒருவர் இருக்கிறார்.

மதுக்கரையின் மலைமேல் கோயில் கொண்டிருப்பவர் தர்மலிங்கேசுவரர். பாண்டவருள் மூத்தவரான தர்மர் வழிபட்டதாகச் சொல்லப்படும் லிங்கம் அது. அந்தப் பெயரைப் பற்றி நின்று யோசிக்கலாம். அத்தினாபுரத்துச் சூதாட்ட மண்டபத்தில் நாட்டைப் பணயம் வைத்தவர் அவர். பாரதியார் 1912-இல் முதல் பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தில், அந்த இடத்தில் கதையை நிறுத்தி அவரைக் கடிந்துகொள்கிறார்: காக்கும்படி ஒப்படைக்கப்பட்ட நாட்டை ஆள்பவன் தன் உடைமையாக எண்ணிவிட்டான் என்பது அவர் குற்றச்சாட்டு. அதே காவியத்தில், பாஞ்சாலி தெருவில் இழுத்துவரப்பட்டபோது வேடிக்கை பார்த்து நின்ற ஊராரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆள்பவருக்கு ஒரு பங்கு, பார்த்து நின்றவருக்கு ஒரு பங்கு என்று பாரதி பழியைப் பிரித்தது, வாக்குரிமை உள்ள காலத்துக்கு இன்னும் பொருந்துகிறது. நாட்டை இழந்து காட்டில் அலைந்த அரசன் தலைநகரிலிருந்து வெகுதொலைவிலுள்ள ஒரு குன்றில் வணங்கி நின்றான் என்ற நம்பிக்கையைப் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோர் சுமந்து வருகிறார்கள்.

வாக்கு உள்ளவர்களின் கதை இது. வாக்கே இல்லாத உயிர்கள் உண்டு. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் தேர்ச் சக்கரக் கதையை அறியாத தமிழர் இல்லை. இளவரசனின் தேரில் அடிபட்டுக் கன்று இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணியை இழுத்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அந்தக் கதையின் பெயரால் இன்றும் தமிழக வருவாய்த் துறை மனுநீதி நாள் நடத்துகிறது. கதையில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒன்று, பசுவுக்கும் மணிக்கும் இடையே இருந்த தூரம். கயிறு எட்டும் இடத்தில் இருந்தது. மணி டெல்லியில் தொங்கினால், அடிபட்டது மதுக்கரைக் காட்டில் என்றால், எந்தப் பசு இழுக்கும்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையே ரயில் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று காட்டுக்குள் போகிறது. யானைகளின் வழித்தடத்தைக் குறுக்கே வெட்டும் அந்தப் பாதையில் பல யானைகள் மடிந்திருக்கின்றன. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூரு–சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. ரயில் ஒன்றிய அரசுடையது. காடு மாநில வனத்துறையின் பொறுப்பு. கோட்ட அலுவலகம் பாலக்காட்டில். ரயிலின் வேகத்தை யார் குறைப்பது என்பது கடிதப் போக்குவரத்து. பதிவேட்டில் எழுதப்பட்ட சொல் விபத்து. ஊழுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது.

அந்தச் சொல் நிலைக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் யானைச் சாவுகளைக் கையில் எடுத்துத் துறைகளைக் கேள்வி கேட்டது. ரயில்வே, யானைகள் கடந்துபோகத் தண்டவாளத்தின் அடியில் சுரங்கப்பாதைகள் அமைத்தது. 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை 7.24 கோடி ரூபாய் செலவில் மதுக்கரை வனச்சரகத்தில் செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. 12 கோபுரங்களில் பொருத்திய கேமராக்கள் இரவு பகலாகப் பாதையைப் பார்க்கின்றன. யானை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகிறது, அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்குச் செய்தி போகிறது, ரயில் வேகம் குறைகிறது. டெல்லியின் துறையும் சென்னையின் துறையும் பாலக்காட்டின் கோட்டமும் ஒரே தண்டவாளத்தைப் பற்றிப் பேசிக்கொள்ள இத்தனை ஆண்டுகளும் இத்தனை யானைகளும் தேவைப்பட்டன. 2021-இல் இறந்த மூன்றையும் காப்பாற்றத் தேவையான அறிவு அன்றும் இருந்தது; வேகத்தைக் குறைப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆகவே அந்தச் சாவுகள் ஊழ் அல்ல.

இப்போது மதுக்கரைக் காட்டில் யானைகள் குட்டிகளோடு அந்தச் சுரங்கப்பாதைகள் வழியே நடந்துபோவது கேமராவில் பதிவாகிறது.